கேட்டைத் தாண்டினால் போதாது: பூங்காவின் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை என்ன செய்வது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்கழி மாதப் பொதுக்கூட்டத்தில், ரயில் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

நான் பேச வந்தது ஒரே ஒரு விஷயம். சிறுவர் பூங்காவைச் சுற்றியும், பின்பக்கத்துக் கீரைப் பாத்தியைச் சுற்றியும் நாம் பதித்து வைத்திருக்கிற பழைய ஸ்லீப்பர் கட்டைகள். நாற்பது சொச்சம் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சில மக்கிவிட்டன. சிலவற்றில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. விளையாடுகிற பிள்ளைகள் காலில் சிராய் ஏறுகிறது.

எடுத்து எங்கே போடுவது என்பதில்தான் பேச்சு. நமது வாட்ஸ்அப் குழுவில் நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, போகி அன்று எரித்துவிடலாம். இரண்டு, வாட்ச்மேன் அண்ணனுக்கும் தோட்டவேலை பார்க்கிற அக்காவுக்கும் விறகாகக் கொடுத்துவிடலாம். மூன்று, பழைய மரக்கடையில் விற்றுச் சங்கக் கணக்கில் வரவு வைக்கலாம். நான்கு, டிராக்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டச் சொல்லலாம்.

இந்த நான்கையும் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன். வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், வேறு என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

இந்தக் கட்டை எங்கிருந்து வந்தது?

மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். அப்போது போட்டது மீட்டர் கேஜ் பாதை. நூறு ஆண்டுகளுக்கு மேல் தென்மாவட்டங்களில் மீட்டர் கேஜ்தான் ஓடியது. 1992-இல் ‘யூனிகேஜ்’ திட்டம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு பாதையாக அகலப்பாதை ஆனது. நமக்குப் பக்கத்தில் கடைசியாக மாறியவற்றில் ஒன்று போடி பாதை. 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் நின்றது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் அகலப்பாதையில் ரயில் வந்தது.

பழைய பாதைகளில் இரும்பு ஸ்லீப்பரும் உண்டு, மர ஸ்லீப்பரும் உண்டு. புதிய பாதையில் கான்கிரீட் ஸ்லீப்பர். அப்படிக் கழற்றிய மரக்கட்டைகள் ஏலத்தில் போயின. ஏலம் எடுத்தவரிடமிருந்து மரக்கடைக்கும், மரக்கடையிலிருந்து ரிசார்ட், பண்ணை வீடு, அடுக்குமாடித் தோட்டம் என்று பல இடங்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. பார்க்க அழகு, விலை குறைவு, கரையான் அரிக்காது. தோட்டம் போடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கரையான் ஏன் அரிக்கவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. நம்ம ஊர் மண்ணில் சாதாரண மரக்கட்டையைப் பதித்தால் இரண்டு மூன்று மழைக்குள் கரையான் தின்றுவிடும். இது பல ஆண்டுகள் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து, அதன் பிறகும் நம் தோட்டத்தில் கிடக்கிறது. அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். ஒன்று, அது இயற்கையிலேயே உறுதியான தேக்கு, சால் போன்ற மரமாக இருக்கலாம். அந்த வகையை மருந்து ஏற்றாமலே ரயில்வேயில் பயன்படுத்துவது உண்டு. இரண்டு, கரையானும் பூஞ்சையும் அண்டாதபடி அழுத்தம் கொடுத்து உள்ளே மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். அதனால் எல்லா ஸ்லீப்பர் கட்டையும் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மிடம் இருப்பதில் எது எது என்று எந்தச் சீட்டும் கிடையாது.

உள்ளே ஏற்றிய மருந்து என்ன?

முக்கியமாக இரண்டு வகை.

முதலாவது கிரியோசோட். நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்து எடுக்கும் கறுப்பு எண்ணெய். ரயில்வேக்கென்றே இதை ஏற்றும் ஆலைகள் இருந்தன. பஞ்சாபில் தில்வான் என்ற ஊரில் இருந்தது அதில் ஒன்று. சித்திரை வெயிலில் கட்டையிலிருந்து பிசுபிசுவென்று கறுப்பாகக் கசிந்து, உட்கார்ந்தவர்கள் வேட்டியில் ஒட்டிக்கொள்கிறதே, அது இதுவாகத்தான் இருக்கும். இதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன் சேர்மங்கள் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, கிரியோசோட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

இரண்டாவது, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த உப்பு. சுருக்கமாக சி.சி.ஏ. இது நம் நாட்டுக் கண்டுபிடிப்பு என்பது பலருக்குத் தெரியாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்ற இந்தியப் பொறியாளர் 1933-இல் இதை உருவாக்கினார். ‘அஸ்கு’ என்று அதற்குப் பெயர். செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிடித்து வைக்கும். உலகம் முழுவதும் தந்திக் கம்பத்திலிருந்து வீட்டுத் திண்ணை வரை இந்த மருந்துதான் ஓடியது. மரத்தின் ஆயுள் பல மடங்கு கூடியதால் எத்தனையோ காடுகள் தப்பின. அந்த வகையில் அது பெரிய சாதனை. மரம் வேலை செய்கிற காலத்துக்காக யோசித்து உருவாக்கிய மருந்து அது. வேலை முடிந்த பிறகு அந்த மரம் எங்கே போகும் என்ற கேள்வி நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆர்சனிக் என்றால் புதிதாகத் தோன்றலாம். நாட்டு வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது ஆர்சனிக்கின் ஒரு வடிவம்தான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் முதல் வரிசையில் அது இருக்கிறது.

அளவு புரிவதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மீட்டர் கேஜ் ஸ்லீப்பரின் அளவு 6 அடி நீளம், 8 அங்குல அகலம், நாலரை அங்குல உயரம். கன அளவு சுமார் 0.042 கன மீட்டர். மண்ணில் பதிக்கும் மரத்துக்கு அமெரிக்காவில் வைத்திருந்த அளவு கன மீட்டருக்கு 6.4 கிலோ மருந்து. அதே அளவில் முழுக்க மருந்தேறிய ஒரு கட்டை என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சுமார் 270 கிராம் மருந்து இருக்கும். அதில் ஆர்சனிக் மட்டும் 60 கிராம் வரும். குடிநீரில் அனுமதிக்கப்பட்ட ஆர்சனிக் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 60 கிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய 60 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் வளாகத்துக்கு வருகிற 12,000 லிட்டர் லாரியில் 500 லோடு.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த 60 கிராமும் ஒரே நாளில் வெளியே வந்துவிடாது. மரத்துக்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மழையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். எல்லாக் கட்டையிலும் அவ்வளவு மருந்து ஏறியிருக்கவும் செய்யாது. ஆனால் அப்படிப் பிடித்து வைத்திருப்பதை ஒரே மணி நேரத்தில் அவிழ்த்து விடுகிற வழி ஒன்று இருக்கிறது. அதுதான் தீ.

போகியில் ஏன் கூடாது?

நெருப்பில் போட்டால் எல்லாம் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். காகிதத்துக்கும் பாய்க்கும் அது சரி. ஆர்சனிக் ஒரு தனிமம். அதை எரித்து இல்லாமல் ஆக்க முடியாது. மரம்தான் எரியும், ஆர்சனிக் மிஞ்சும். ஒரு பகுதி புகையில் போகும், மிச்சம் சாம்பலில் தங்கும். 40 கிலோ கட்டை ஒரு வாளிச் சாம்பலாகச் சுருங்கும்போது, விஷமும் அந்த ஒரு வாளிக்குள் வந்து சேர்ந்துவிடும்.

கிரியோசோட் எரியக்கூடியதுதான். ஆனால் அதைச் சரியாக எரிக்க ஆலைகளில் இருக்கும் கடுஞ்சூடும் புகை வடிகட்டும் ஏற்பாடும் வேண்டும். வாசலில் மூட்டுகிற தீயில் அது பாதி வெந்து, கரும்புகையாகத்தான் வெளியே வரும்.

இதற்கு மருத்துவ உலகில் பதிவான சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராமத்தில் வாழ்ந்த 8 பேர் கொண்ட ஒரு குடும்பம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எல்லோருக்கும் உடம்பு படுத்தியது. கண் எரிச்சல், இருமல், தசைப்பிடிப்பு, முடி உதிர்தல், வலிப்பு. வெயில் காலம் வந்தால் குறையும். மூன்று ஆண்டுகள் இப்படியே போனது. கடைசியில் பார்த்தால், குளிருக்கு வீட்டு அடுப்பில் எரித்தது சி.சி.ஏ. மருந்தேறிய பலகை. 1984-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளிவந்தது. அவர்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. கிடைத்த மரத்தை விறகாக்கினார்கள், அவ்வளவுதான்.

போகி மூட்டம் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2018 ஜனவரி 13, போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்து விமான நிலையத்தையே முடக்கிவிட்டது. விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள். நாம் இருப்பதும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். போகிக்கு மறுநாள் தை முதல் நாள், நம்ம ஊர் ஜல்லிக்கட்டு. விடிவதற்கு முன்பே மாடுகளும் மாடுபிடி வீரர்களும் பார்க்க வருகிற ஜனமும் அவனியாபுரம் தெருக்களில் நிறைந்திருப்பார்கள். அவர்களுக்கு நாம் கொடுக்கிற வரவேற்பு இந்தப் புகையாக இருக்க வேண்டாம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. போகி என்றால் காப்புக் கட்டி, வேப்பிலையும் ஆவாரம்பூவும் கூரைப்பூவும் வாசலில் செருகுவது நம் பக்கத்து வழக்கம். அது போதும்.

விறகாகக் கொடுத்தால் என்ன?

நான்கு யோசனைகளில் மனிதாபிமானமானது இது. அதனால்தான் இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். கேஸ் விலை ஏறியிருக்கிறது, சும்மா கிடக்கிற கட்டை ஒரு ஏழை வீட்டு அடுப்பு எரிய உதவட்டுமே என்று நினைப்பது நல்ல மனசு. ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுப்பு வீட்டுக்குள்ளேயோ, தகரக் கூரைக்குக் கீழோ இருக்கும். புகை போக வழி இருக்காது. பக்கத்தில் குழந்தை இருக்கும். அடுப்பில் சோறும் வெந்நீரும் கொதிக்கும். எரிந்து முடிந்ததும் சாம்பலை யாரும் கொட்டமாட்டார்கள். நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் தேய்ப்போம். அவரைக் கொடியில் அசுவினி விழுந்தால் சாம்பல் தூவுவோம். கீரைப் பாத்தியில் போடுவோம். ஆடு மாடு கட்டும் இடத்தில் போடுவோம். நல்ல விறகின் சாம்பல் என்றால் இதெல்லாம் அருமையான பழக்கம். இந்தக் கட்டையின் சாம்பல் என்றால், பாத்திரம் வழியாகவும் அவரைக்காய் வழியாகவும் பாஷாணம் வயிற்றுக்குப் போகும். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

பூங்காவில் நம் பிள்ளைகள் தொடக் கூடாது என்று எடுக்கிற ஒன்றை, இன்னொருவர் பிள்ளை பக்கத்தில் எரிக்கக் கொடுப்பதற்குத் தானம் என்று பெயர் வைக்க முடியாது. வாட்ச்மேன் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொங்கலுக்கு உதவ வேண்டும் என்றால் பணமாகக் கொடுப்போம், சிலிண்டராகக் கொடுப்போம். அதற்கு முதல் பங்கு என்னுடையது.

விற்றால்? கொட்டினால்?

மரக்கடைக்கு விற்றால் அது எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. கடைக்காரர் அறுத்துக் கட்டில் கால் செய்யலாம், கதவு நிலை செய்யலாம். அறுக்கிறவர் அந்தத் தூளைச் சுவாசிப்பார். தேறாததை விறகாக எடைபோட்டு விற்பார். அது கல்யாண மண்டபத்துச் சமையல் அடுப்புக்கோ டீக்கடைக்கோ போகும். அதே டீயை நாமே நின்று குடிப்போம்.

கொட்டுவது என்றால் எங்கே? கண்மாய்க் கரையிலா, கிருதுமால் ஓரத்திலா? தெருவிலும் பொது இடத்திலும் நீர்நிலையிலும் குப்பையைப் போடவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. வெள்ளைக்கல் கிடங்கில் சேர்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். மாநகராட்சியின் குப்பை முழுவதும் நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்கிறதே என்று இத்தனை ஆண்டுகளாகக் குறைப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். சொல்லாமல் கொள்ளாமல் இதையும் அதில் கலந்து அனுப்பினால், அங்கே கட்டை பொறுக்குகிறவர்கள் விறகுக்கு எடுத்துப் போவார்கள். மறுபடியும் அடுப்புக்கே வந்துவிட்டோம்.

நான்கு யோசனையையும் கடைசி வரை தொடர்ந்து போய்ப் பார்த்தால் எல்லாம் யாரோ ஒருவருடைய அடுப்பிலோ மூச்சிலோ தண்ணீரிலோ போய் முடிகிறது. நம் கேட்டைத் தாண்டிவிட்டது என்பதற்காக ஒரு பொருளை அகற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. அது கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் நமக்குத் தெரிந்திருந்தால்தான் அகற்றியதாக அர்த்தம்.

சரி, என்ன செய்வோம்?

நான் முன்வைக்கிற திட்டம் இது.

1. முதலில் தரம் பிரிப்போம். இரண்டு பக்கமும் ஆணித் துளை, தண்டவாளம் உட்கார்ந்த தடம், முனையில் வெடிக்காமல் இருக்க அடித்த வளைந்த இரும்புத் தகடு இருந்தால் அது ஸ்லீப்பர். கறுத்து, தார் வாசனை அடித்தால் கிரியோசோட். உள்மரத்தில் பச்சைச் சாயல் தெரிந்தால் சி.சி.ஏ. ஆனால் வெயிலில் பச்சையும் வெளுக்கும், வாசனையும் போகும். அதனால் சந்தேகம் உள்ளதையெல்லாம் மருந்தேறிய கட்டை என்றே வைத்துக்கொள்வோம்.

2. எடுக்கும் வரை பிள்ளைகள் அதில் உட்கார வேண்டாம். விளையாடி வந்ததும் கை கழுவச் சொல்லுங்கள். மணல் விளையாடுகிற மூலையில் இருக்கும் கட்டைகளையும், கீரைப் பாத்தியைச் சுற்றி இருப்பவற்றையும் முதலில் எடுப்போம்.

3. அறுக்கவே கூடாது. ரம்பம் வைத்தால் தூள் பறக்கும். கடப்பாரையால் நெம்பி முழுசாகத் தூக்க வேண்டும். மீட்டர் கேஜ் கட்டை 35, 40 கிலோ இருக்கும், இரண்டு ஆள் தூக்கலாம். அகலப்பாதைக் கட்டை அதைப்போல் இரண்டு மடங்கு. தூசி எழாமல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுக்க வேண்டும்.

4. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கையுறை, முழுக்கைச் சட்டை, என்-95 முகக்கவசம், ஷூ எல்லாம் சங்கமே வாங்கிக் கொடுக்க வேண்டும். கிரியோசோட் பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து சிவந்துவிடும். அதனால் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடிப்போம். சோப்பும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம்.

5. எடுத்த கட்டைகளை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கூரை உள்ள இடத்தில், செங்கல் மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டுவோம். ‘மருந்தேறிய மரம், எரிக்கக் கூடாது, எடுத்துச் செல்லக் கூடாது’ என்று தமிழில் பெரிதாக எழுதி மாட்டுவோம். மழை படாமல் அங்கே சில மாதங்கள் கிடந்தாலும் கெடுதல் இல்லை. அவசரப்பட்டு அனுப்பினால்தான் கெடுதல்.

6. சங்கத்தின் பெயரில் இரண்டு கடிதம். ஒன்று மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளருக்கு, மற்றொன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதுரை மாவட்ட அலுவலகத்துக்கு. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி எல்லாம் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று 2016 விதிகளில் இருந்தது. மருந்தேறிய மரம் என்று பெயர் சொல்லி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஆனால் பட்டியல் ‘முதலியன’ என்றுதான் முடிந்தது. எத்தனை கட்டை, எவ்வளவு எடை, என்ன சந்தேகம் என்று படத்தோடு எழுதி, எந்த வழியில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்போம். அபாயக் கழிவுக்கென்று அனுமதி பெற்ற பாதுகாப்பான நிலநிரப்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. ஆனால் அது 500 கிலோமீட்டர். நாம் ஒருவராக ஒரு லாரி பிடிப்பதைவிட, இதேபோல் கட்டை வைத்திருக்கிற பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டு வாரியத்தின் வழியாகக் கேட்டால் செலவும் குறையும், பதிலும் வரும்.

7. கட்டை இருந்த இடத்து மண். மாசு பெரும்பாலும் கட்டையை ஒட்டிய சில அங்குலத்துக்குள்தான் இருக்கும். அந்த வரிசையில் கீரை, முள்ளங்கி, கிழங்கு வகை வேண்டாம். செம்பருத்தி, அரளி, குரோட்டன்ஸ் வைக்கலாம். கீரைப் பாத்தியை மொட்டை மாடிக்கு, புது மண்ணுக்கு மாற்றுவோம். உர அளவுக்காகச் செய்கிற வழக்கமான மண் பரிசோதனையில் ஆர்சனிக் வராது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

8. அதற்குப் பதிலாக என்ன? மேலூர்ப் பக்கம் கல்லுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு நாம் மரத்தைத் தேட வேண்டியதில்லை. கருங்கல் பதித்தால் கரையானுக்கும் மழைக்கும் கவலையில்லை, மருந்தும் வேண்டாம்.

கேட்கப்பட்ட கேள்விகள்

*பெயின்ட் அடித்து அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாதா?*

சி.சி.ஏ. கட்டை என்றால் எண்ணெய் பெயின்ட் அடித்தால் மேலே கசிவது குறையும். ஆனால் உரிய உரிய மறுபடி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் பக்கத்துக்கு எப்படி அடிப்பது? கிரியோசோட் கட்டையில் பெயின்ட் ஒட்டவே ஒட்டாது. யாரும் தொடாத, காய்கறி இல்லாத சுற்றுச்சுவர் ஓரத்தில் உறுதியாக இருக்கிற கட்டையை அப்படியே விட்டுவைக்கலாம், தப்பில்லை. பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கும் சாப்பாடு விளைகிற இடத்துக்கும் அது பொருந்தாது.

*மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?*

அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு சி.சி.ஏ. ஏற்றுவதை 2003 கடைசியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் போட்ட ஆணையில், கிரியோசோட் ஏறிய மரம் பழையதாக இருந்தாலும் விளையாட்டுத் திடலிலும், தோட்டத்து மேசை பெஞ்சிலும், அடிக்கடி தோல் படும் இடங்களிலும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம்ம சிறுவர் பூங்கா அந்தப் பட்டியலில் வருகிற இடம்.

*இத்தனை வருஷமாக அது அங்கேதானே இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?*

நல்ல கேள்வி. கட்டை கட்டையாக இருக்கும் வரை அபாயம் குறைவுதான். அதனால் யாரும் பதற்றப்பட வேண்டாம், பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து ஓட வேண்டாம். மக்கி உதிர ஆரம்பித்துவிட்டதால் எடுக்கிறோம். எடுக்கிற சமயத்திலும் எடுத்த பிறகும் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் அபாயம் கூடுவதும் குறைவதும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இன்றைய கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிக்கொள்வோம் என்று கேட்டுக்கொள்கிறேன்: நம் வளாகத்தின் கட்டை ஒன்றுகூட இந்தப் போகிக்கு எரியக் கூடாது, ஒன்றுகூட விறகாக வெளியே போகக் கூடாது. கட்டைகளை எண்ணிப் பட்டியல் போட வருகிற ஞாயிறு காலை 7 மணிக்குப் பூங்காவில் நான் இருப்பேன். கையுறை சங்கத்தில் இருக்கிறது. இரண்டு பேர் கூட வந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். மாநகராட்சிக்கும் வாரியத்துக்கும் எழுதுகிற கடிதத்தின் நகலும், வருகிற பதிலும் அடுத்த இதழில் வெளிவரும்.